கிரெக் பாஸ்டரின் வரிசை

லூத்தரன் சர்ச்சில் கட்டடத்தைச் சூடாக்கும் பாய்லர் நின்றுபோன குளிர்காலத்தில்தான் இரண்டு சபைகளும் ஒரே கூரைக்குள் வரலாம் என்ற பேச்சு எழுந்தது. அந்த ஞாயிறு ஆராதனைக்கு வந்தவர்கள் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து பாடினார்கள். பாடும்போது வாயிலிருந்து புகை வந்தது.

நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவேயில் லூத்தரன் சர்ச்சும் எபிஸ்கோபல் சர்ச்சும் ஒரே சாலையில், ஒரு மைல் இடைவெளியில் இருந்தன. லூத்தரன் சர்ச்சைக் கட்டிய ஜெர்மன் குடும்பங்களில் பாதி கல்லறைக்கும் மீதி ஃப்ளோரிடாவுக்கும் போய்விட்டிருந்தன. அவர்கள் விட்டுப்போன பெஞ்சுகளில் தஞ்சாவூர், திருச்சி, சென்னைப் பக்கத்துத் தமிழ் லூத்தரன் குடும்பங்கள் வந்து உட்கார்ந்திருந்தன. ஆள் இருந்தது, கட்டடம்தான் நொடித்துவிட்டது. எபிஸ்கோபல் சர்ச்சில் நிலைமை நேர்மாறு. புதுக் கூரை, நல்ல ஆர்கன், பெரிய பார்க்கிங் லாட் எல்லாம் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கொஞ்சம் நரைத்த வெள்ளைக்காரத் தலைகள், சில ஜமைக்கா குடும்பங்கள், தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ.யிலிருந்து வந்த தமிழர்கள் நாலு வீடு. அவ்வளவுதான்.

அந்த எபிஸ்கோபல் சர்ச்சின் குருவானவர் ஹெப்சிபா. வயது நாற்பத்தைந்து. திருச்சியில் பிறந்து, டெக்சஸின் இர்விங்கில் ஒரு மருந்துக் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலைக்கு வந்து, கல்யாணத்துக்குப் பிறகு நியூ ஜெர்சிக்கு மாறியவள். வேலையை விட்டுவிட்டு செமினரியில் படித்தாள். பிஷப் அவள் தலையில் கை வைத்துக் குருப்பட்டம் கொடுத்தபோது அவளுடைய கணவன் அமல் முதல் பெஞ்சில் உட்கார்ந்து அழுதான்.

அமெரிக்காவில் இந்த இரண்டு சபைகளும் இருபது வருடங்களுக்கு மேலாக முழு ஐக்கியத்தில் இருக்கின்றன. ஒன்று இன்னொன்றில் கரைந்துவிடவில்லை. தலைமை வேறு, சட்டதிட்டம் வேறு, பாட்டுப் புத்தகமும் வேறு. ஆனால் இவர்களுடைய ஞானஸ்நானம் அங்கே செல்லும், அவர்களுடைய அப்பமும் ரசமும் இங்கே செல்லும், ஒரு சபையின் குருவானவர் பிஷப்பின் அனுமதியோடு மற்ற சபையின் பீடத்தில் நிற்கலாம். இந்த இடத்துக்கு வருவதற்கே வருடக்கணக்காகப் பேசினார்கள். சண்டை பெரும்பாலும் பிஷப்பைப் பற்றியது. அப்போஸ்தலர் காலத்திலிருந்து ஒரு தலைமேல் ஒரு கையாக அறுந்துபோகாமல் வருகிற சங்கிலி எபிஸ்கோபல்காரர்களுக்கு வேண்டும். சுவிசேஷம் ஒழுங்காகப் பிரசங்கிக்கப்பட்டால் போதாதா, யார் கை யார் தலையில் இருந்தால் என்ன என்பது லூத்தரன்களின் கேள்வி. கடைசியில், ஏற்கெனவே இருக்கிற குருமார்களை அப்படியே ஒப்புக்கொள்வது, இனி வரும் பிஷப்புகள் அந்தச் சங்கிலிக்குள் வருவது என்று தீர்ந்தது.

இந்த வரலாற்றைக் கரைத்துக் குடித்தவர் ஆபிரகாம் ஞானசிகாமணி. தஞ்சாவூர்க்காரர். ஒரு மருந்துக் கம்பெனியில் புள்ளிவிவர நிபுணராக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். பிஸ்கட்டவேயின் இரண்டு சபைகளும் ஒரே கூரைக்குள் வருவதற்காகச் சேர்ந்து அமைத்த குழுவில் லூத்தரன்கள் பக்கத்துக்கு அவர்தான் தலைவர். குழு இரண்டு வருடம் கூடியது. எந்தப் பாட்டுப் புத்தகம், முழங்கால் போடுவதா நிற்பதா, அப்பமா வேஃபரா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டம். வெள்ளைக்காரர்கள் சோர்ந்துபோகும் நேரத்தில் ஞானசிகாமணி ஃபிளாஸ்க்கிலிருந்து ஃபில்டர் காபியை ஊற்றிக்கொடுத்து இன்னும் ஒரு மணி நேரம் உட்காரவைப்பார். ஹெப்சிபாவை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தமிழர்களுக்குக் குழப்பம். ஊரில் பாதிரியாரை ஐயர் என்பார்கள், பாஸ்டரம்மா என்றால் அவருடைய மனைவி. ஒரு கூட்டத்தில் ஞானசிகாமணி அவளைப் பார்த்து, “ஐயரே, நீங்க சொல்லுங்க,” என்றார். பிறகு அதுவே நிலைத்துவிட்டது. அவளுக்கு அது பிடித்திருந்தது.

ஒப்பந்தத்தின் சுருக்கத்தைத் தமிழ்க் குடும்பங்களுக்காக அவர்கள் இருவரும் சேர்ந்துதான் மொழிபெயர்த்தார்கள். நற்கருணை என்பது லூத்தரன் சொல், திருவிருந்து என்பது சி.எஸ்.ஐ. சொல். இரண்டையுமே போட்டார்கள். தலைப்புக்கு அவள் ‘முழு உறவு’ என்று எழுதியிருந்தாள்.

“உறவுன்னு போட்டா நம்ம ஆளுங்க கல்யாணம் காட்சி வரைக்கும் போயிடுவாங்க ஐயரே,” என்று அவர் சிரித்தார். “ஐக்கியம்னு போடுங்க. சேஃப்.”

அவளும் சிரித்துக்கொண்டே மாற்றினாள்.

இரண்டு சபைகளும் ஒப்பந்தத்துக்கு ஓட்டுப் போட்டு ஒப்புக்கொண்ட வாரத்தில் ஞானசிகாமணியின் வீட்டில் விருந்து. அவருடைய மனைவி தனபாக்கியம் சமைப்பதில் கெட்டிக்காரி. அந்த வீட்டுக்கு ஹெப்சிபா போகிற ஒவ்வொரு தடவையும் எவர்சில்வர் டிபன் பாக்ஸில் எதையாவது கட்டிக்கொடுத்து, பாக்ஸைத் திருப்பித் தரும் சாக்கில் மறுபடியும் வரச் சொல்லுவாள். அன்று தனபாக்கியத்தின் அக்காவும் ஊரிலிருந்து வந்திருந்தாள். சாப்பாட்டு மேசையில் அந்த அம்மாள் ஹெப்சிபாவிடம், அப்பா வழியில் எந்த ஊர் என்று கேட்டாள். பொறையார் பக்கம் மேலக்கரம்பூர் என்றாள் ஹெப்சிபா.

“அட, எங்க சித்தி வீடு அங்க கிட்டத்துலதான். வாய்க்காலுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?”

அந்தக் கேள்விக்கு அர்த்தம் தெரியாதவளல்ல ஹெப்சிபா. இர்விங்கில் வந்து இறங்கிய புதிதில் ஒரு தமிழ் ஜெபக்கூட்டத்தில் இதையே வேறு மாதிரி கேட்டார்கள். பதில் சொன்னாள். அடுத்த மாதத்திலிருந்து கூட்டம் யார் வீட்டில் என்று அவளுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் திருச்சி என்பதோடு நிறுத்திக்கொள்வாள். பொய்யும் இல்லை, பிறந்தது திருச்சிதான். ஆனால் அன்று, ஓட்டெல்லாம் முடிந்து, இரண்டு வருடமாகத் தன்னை ஐயரே என்று கூப்பிட்டவரின் வீட்டு மேசையில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு மறைக்கத் தோன்றவில்லை.

“அந்தப் பக்கம்,” என்றாள். “எங்க தாத்தா அங்க லூத்தரன் சபைலதான் இருந்தார். பெஞ்சு எல்லாம் ஊர்க்காரங்களுக்கு, எங்க ஆளுங்களுக்குத் தரையில பாய். நற்கருணைக்கும் கடைசிலதான் வரணுமாம். ஒரு ஞாயித்துக்கிழமை எழுந்து வெளிய வந்துட்டார். திருச்சிக்குப் போய் சி.எஸ்.ஐ.ல சேர்ந்தார். இப்ப பாருங்க, அவர் பேத்தி லூத்தரன்காரங்களுக்கு நற்கருணை குடுக்கப் போறா.”

நல்லபடியாக முடிந்த கதை என்றுதான் அவள் அதைச் சொன்னாள். மேசையில் யாரும் சிரிக்கவில்லை. ஞானசிகாமணி தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். பாயசம் போடட்டுமா என்று தனபாக்கியம் எழுந்தாள். கிளம்பும்போது வழக்கம்போல் வத்தக்குழம்பு கட்டிக்கொடுத்தாள். இந்தத் தடவை அது காலித் தயிர் டப்பாவில் இருந்தது.

“இத திருப்பித் தர வேண்டாம். யூஸ் பண்ணிட்டுத் தூக்கிப் போட்டுடுங்க,” என்றாள்.

அடுத்த வாரம் குழுவுக்கு லூத்தரன் பக்கத்திலிருந்து ஒரு ஈமெயில் வந்தது. எபிஸ்கோபல் வழக்கப்படி எல்லோரும் ஒரே வெள்ளிக் கிண்ணத்தில் குடிப்பது சுகாதாரமாக இல்லை, தனித்தனிச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இரண்டு வருடமாகக் கிண்ணத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கொரோனாவுக்குப் பிறகு எல்லா இடத்திலும் இப்படித்தானே கேட்கிறார்கள் என்றான் அமல். இருக்கலாம் என்றுதான் அவளும் நினைக்கப் பார்த்தாள். வெள்ளைக்காரர்கள் உடனே ஒத்துக்கொண்டார்கள். கிண்ணமும் இருக்கும், தட்டில் குப்பிகளும் இருக்கும், அவரவர் விருப்பம் என்று முடிவாயிற்று. அந்தக் கூட்டத்தில் ஞானசிகாமணி அவளை சிஸ்டர் என்று கூப்பிட்டார். அவள் கவனித்தாள். வேறு யாருக்கும் அதில் கவனிக்க எதுவுமில்லை.

தொடக்க ஆராதனைக்கு இரண்டு சபை பிஷப்புகளும் வந்தார்கள். இருவரும் சேர்ந்து நின்று அப்பத்தைக் கொடுத்தார்கள். ஞானசிகாமணி பழைய ஏற்பாட்டுப் பாடத்தைத் தமிழில் வாசித்தார். அவர் குரல் தழுதழுத்தது, அதில் நடிப்பு இருந்ததாக ஹெப்சிபாவுக்குத் தோன்றவில்லை. பட்டுப்புடவைகளும் வெள்ளை அங்கிகளுமாக எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அதற்கடுத்த ஞாயிறு பிஷப்புகள் இல்லை. லூத்தரன்களின் பாஸ்டர் கிரெக்கும் அவளும் மட்டும்தான். கிரெக் நல்ல மனிதர். ஐம்பது வயதைத் தாண்டியவர், உயரமானவர், யாரோடு பேசினாலும் குனிந்து பேசுவார். நடுப்பாதையின் முடிவில் இடது பக்கம் அவரும் வலது பக்கம் அவளும் அப்பத் தட்டோடு நின்றார்கள். இரண்டு வரிசை.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. அவள் முன்னால் அவளுடைய பழைய சபையின் முதியவர்கள் வந்தார்கள், ஜமைக்காக்காரர்கள் வந்தார்கள், சி.எஸ்.ஐ. குடும்பங்கள் வந்தன. பிறகு யாரும் இல்லை. அவள் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். கிரெக்கின் வரிசை கதவு வரைக்கும் போயிருந்தது. புடவை, ஜிப்பா, ஜீன்ஸ், கைக்குழந்தை எல்லாமே அந்தப் பக்கம். கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிற வயதான வெள்ளைக்காரர், டிராஃபிக் போலீஸ்காரரைப் போல ஒரு குடும்பத்திடம் இந்தப் பக்கம் காலியாக இருக்கிறதே என்று கை காட்டினார். அந்தக் குடும்பத்தலைவர் புன்னகைத்து, பரவாயில்லை, நாங்கள் இங்கேயே நிற்கிறோம் என்றார்.

ஞானசிகாமணியும் தனபாக்கியமும் அந்த வரிசையில்தான் இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கிங்ஸ்லி என்ற இளைஞன். இர்விங்கிலிருந்து வேலை மாறி வந்தவன், பாடகர் குழுவில் டெனர் பாடுகிறவன். மற்றவர்கள் பீடத்தையோ கிரெக்கையோ பார்த்தபடி வந்தார்கள். அவன் மட்டும் தரைக் கம்பளத்தைப் பார்த்தபடி வந்தான்.

ஆராதனை முடிந்ததும், உங்கள் ஆட்களுக்கு கிரெக்கை ரொம்பப் பிடித்திருக்கிறது போல என்று அந்த வயதானவர் அவளிடம் சந்தோஷமாகச் சொன்னார்.

கிரெக்குக்கு அரைநேர வேலைதான். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு வேறு ஊர்ச் சபைக்குப் போய்விடுவார். அவர் இல்லாத ஞாயிறுகளில் தமிழ் லூத்தரன் குடும்பங்கள் வரவில்லை. பிள்ளைகளுக்கு சாக்கர், வீட்டில் கெஸ்ட், காரில் ஏதோ கோளாறு. கிரெக் வருகிற ஞாயிறு எல்லோரும் வந்தார்கள். யார் எந்த ஞாயிறு என்ற அட்டவணை வெப்சைட்டில் இருந்ததால் யாருக்கும் சிரமமில்லை. ஒரு மாதத்துக்குள் அவளுடைய சொந்த சி.எஸ்.ஐ. குடும்பங்களில் இரண்டு கிரெக்கின் வரிசைக்கு மாறின. அதுதான் அவளுக்கு மற்றதைவிட வலித்தது. அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவள் அவள்.

ஒரு கூட்டம் முடிந்து பார்க்கிங் லாட்டில் ஞானசிகாமணியை நிறுத்தினாள்.

“நீங்க எந்த லைன்ல வர்றீங்க அங்கிள்?”

“நான் வழக்கமா அந்தப் பக்கம்தானே உக்காருவேன் சிஸ்டர். எது கிட்ட இருக்கோ அதுல வந்துடறது.”

அவர் கார்ச் சாவியைக் கைமாற்றிக்கொண்டார்.

“நான் பர்சனலா அப்படிப் பாக்கறவன் இல்ல. உங்களுக்கே தெரியும். ஆனா ஃபேமிலீஸ் இருக்காங்க இல்லயா. எங்க பொண்ணு ஜெனிக்கு அலையன்ஸ் பாத்துட்டிருக்கோம். இங்க நடக்கறது அன்னிக்கே ஊருக்குப் போயிடுது. கொஞ்ச நாள் போகட்டும், எல்லாம் தானா செட்டில் ஆயிடும். அதுவரைக்கும் தமிழ் சர்வீஸ மட்டும் கிரெக் பண்ணட்டுமே.”

“கிரெக்குக்குத் தமிழ் தெரியாது.”

“இங்கிலீஷ் எழுத்துல எழுதிக் குடுத்துடலாம். நானே எழுதித் தர்றேன்.”

அவர் எழுதியும் கொடுத்தார். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு நடக்கும் தமிழ் ஆராதனையில் கிரெக் ஒரு அட்டையைப் பார்த்து, கிறிஸ்துவின் சரீரம், கிறிஸ்துவின் இரத்தம் என்று உடைத்து உடைத்து வாசித்தார். ரகரமும் றகரமும் அவர் வாயில் ஒன்றாகிப்போயின. அந்தப் பிரயாசையைப் பார்த்துப் பல பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஹெப்சிபா பின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் கிரெக்கிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஜாதி என்பது இந்துக்களுடையது, இவர்கள் கிறிஸ்தவர்களாயிற்றே என்று அவர் முதலில் தடுமாறினார். புரிந்த பிறகு உண்மையாகவே வேதனைப்பட்டார். வட்டமாக உட்கார்ந்து ஒருவர் பேச மற்றவர்கள் கேட்கிற கூட்டம் ஒன்று வைக்கலாமா என்றார். யாருடைய எண்ணத்தையும் நாமாக ஊகிக்கக் கூடாது என்றும் சொன்னார். பிஷப் அலுவலகத்தில் அவள் முறையிட்டபோது, யாராவது வெளிப்படையாக ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார்கள். சொல்லவில்லை. எந்த வரிசையில் நிற்கிறார்கள் என்பதை வைத்து உள்நோக்கத்தைச் சொல்லிவிட முடியாது என்றார்கள். இலையுதிர் காலத்து மாநாட்டில் இந்தச் சபையைத்தான் முன்மாதிரியாகக் காட்டப்போகிறார்கள், பொறுமையாக இருங்கள், தமிழ்க் குடும்பங்களோடு இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பழகுங்கள் என்று அறிவுரையும் கிடைத்தது. வீட்டில் இதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அமல் சிரிக்கவில்லை. வேறு எங்காவது போய்விடலாம் என்றான்.

வசந்தகாலத்தில் தனபாக்கியத்துக்கு இதய அறுவை சிகிச்சை. கிரெக் தன் மகளின் பட்டமளிப்புக்காக சான் ஹோசே போயிருந்தார். ஆபரேஷனுக்கு முன்னால் நற்கருணை வேண்டும் என்று நோயாளி கேட்டதாக ஆஸ்பத்திரியிலிருந்து சர்ச் ஆபீசுக்குச் செய்தி வந்தது. ஆபீஸ் ஹெப்சிபாவுக்குச் சொன்னது. அப்பமும் ரசமும் வைத்த சின்னத் தோல்பையை எடுத்துக்கொண்டு போனாள்.

அறைக்கு வெளியே ஞானசிகாமணி நின்றிருந்தார். ஒரே வாரத்தில் பத்து வயது கூடியவரைப் போல இருந்தார். அவளைப் பார்த்ததும் அவர் கண்கள் தோல்பைக்குப் போயின.

“தூங்கறா,” என்றார்.

“யாருங்க அது?” என்று உள்ளேயிருந்து தனபாக்கியத்தின் குரல் கேட்டது.

அவர் வழிவிட்டார். தனபாக்கியம் ஹெப்சிபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சாப்பிட்டீங்களா, ஏன் இப்படி இளைச்சுட்டீங்க என்று கேட்டாள். வெகுநேரம் கையை விடவில்லை. ஹெப்சிபா மேசையில் வெள்ளைத் துணியை விரித்து, பையைத் திறந்தாள். அப்போது தனபாக்கியம் கணவனைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது கிரெக் பாஸ்டர் வந்து குடுக்கட்டும்மா,” என்றாள் தனபாக்கியம் மெதுவாக. “நீங்க ஜெபம் மட்டும் பண்ணுங்க. நீங்க ஜெபம் பண்ணா மனசுக்கு நிம்மதியா இருக்கு.”

வியாழக்கிழமைக்கு முன் கிரெக் வரமாட்டார். அறுவை மறுநாள் காலை. அது மூன்று பேருக்குமே தெரியும். ஹெப்சிபா துணியை மடித்தாள். தனபாக்கியம் மறுபடியும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெபம் செய்தாள். நன்றாகவே செய்தாள். டாக்டர்களின் கைகளுக்காக, நல்ல தூக்கத்துக்காக, தனபாக்கியத்தின் பிள்ளைகளுக்காக. ஆமென் என்று மூவரும் சொன்னார்கள். லிஃப்ட்டில் இறங்கும்போது ஆத்திரத்தில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். கூடவே, அந்தப் பெண் பிழைக்க வேண்டுமே என்ற கவலையும் இருந்தது. இரண்டும் சேர்ந்து இருந்ததுதான் தாங்க முடியவில்லை.

தனபாக்கியம் பிழைத்தாள். கிரெக் வந்து நற்கருணை கொடுத்தார்.

அடுத்த தமிழ் ஞாயிறன்று காலையில் ஹெப்சிபா கிரெக்கிடம், இன்றைக்குப் பிரசங்கமும் பீடமும் என்னுடையது, வரிசையும் ஒன்றுதான், நீங்கள் அதில் வந்து நிற்க வேண்டும் என்றாள். அவர் முகம் வெளுத்தது. ஆனால் சரி என்றார்.

அன்றைக்குக் குறித்திருந்த வேதபாடத்தை அவள் விட்டுவிட்டாள். தாத்தாவைப் பற்றிச் சொன்னாள். பெஞ்சைப் பற்றியும் பாயைப் பற்றியும் கடைசியில் வந்த கிண்ணத்தைப் பற்றியும் சொன்னாள். மேலக்கரம்பூரில் ஊருக்கு நடுவே ஒரு வாய்க்கால் இருக்கிறது, நியூ ஜெர்சியில் வாய்க்கால் இல்லையென்று நினைத்தேன், ஆனால் இந்தப் பெஞ்சுகளுக்கு நடுவே கம்பளம் விரித்த பாதை இருக்கிறது என்றாள். யார் பெயரையும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசவில்லை. தமிழில் முடித்துவிட்டு, அதையே முதலிலிருந்து ஆங்கிலத்தில் சொன்னாள். வெள்ளைக்காரர்கள் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தமிழ்ப் பிள்ளைகள் பெற்றோர்களின் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு சிறுமி தன் அம்மாவிடம், “இஸ் தட் அபௌட் அஸ்?” என்று கேட்டது பாதி சர்ச்சுக்குக் கேட்டது.

பிறகு அவள் அப்பத்தோடு நடுவில் நின்றாள். கிரெக் முதலில் வந்து முழங்காலிட்டுக் கை நீட்டினார். முதியவர்கள் வந்தார்கள். ஜமைக்காக்காரர்கள் வந்தார்கள். மாறிப்போன இரண்டு சி.எஸ்.ஐ. குடும்பங்களில் ஒன்று திரும்பி வந்தது. மற்ற தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாக எழுந்து, குழந்தைகளின் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் வெளியே போயின. கிங்ஸ்லியும் அவர்களோடு போனான். பார்க்கிங் லாட்டில் கார்க் கதவுகள் சாத்துகிற ஓசை ஆர்கன் இசைக்கு மேல் கேட்டது.

ஞானசிகாமணி மட்டும் போகவில்லை, முன்னால் வரவும் இல்லை. கடைசிப் பாட்டு முடியும் வரை இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். எல்லோரும் போன பிறகு, அவள் அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்த அறைக்கு வந்தார். ஏதோ ஒரு நல்ல வார்த்தை வரும் என்று அவள் அப்போதும் எதிர்பார்த்தாள்.

“தமிழ்ல சொன்னதோட நிறுத்தியிருக்கலாம்,” என்றார். “அவங்க முன்னாடி இங்கிலீஷ்ல சொல்லியிருக்க வேண்டாம்.”

“ரெண்டு வருஷம் என்ன ஐயரேன்னு கூப்பிட்டீங்க அங்கிள்.”

அவர் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

தமிழ்க் குடும்பங்கள் திரும்பி வரவில்லை. முதலில் ஒரு வீட்டு பேஸ்மெண்டில் கூடினார்கள், அப்புறம் பக்கத்து ஊரான எடிசனில் ஒரு ஸ்கூல் ஹாலை வாடகைக்கு எடுத்தார்கள். மாதம் ஒருமுறை ஊரிலிருந்து ஓர் ஐயர் ஜூமில் பிரசங்கம் செய்தார். ஹெப்சிபா அரசியல் பேசுகிறாள், ஊர்ப் பிரச்சினையை இங்கே இறக்குமதி செய்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். ஒப்பந்தம் ரத்தாகவில்லை, நிறுத்திவைக்கப்பட்டது. மாநாட்டில் வேறு ஏதோ சபையைக் காட்டினார்கள். லூத்தரன் கட்டடம் ஒரு டேகேருக்கு விற்கப்பட்டது. ஆள் இல்லாமல் எபிஸ்கோபல் சபையால் முழுநேரக் குருவானவரை வைத்துக்கொள்ள முடியவில்லை. அவளுடைய வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்று சபை மூப்பர்கள் கண்ணீரோடு சொன்னார்கள். விடைபெறும் விழாவில் பெரிய கேக் வெட்டினார்கள். அதில் அவள் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள். டெக்சஸில் கேட்டி என்ற ஊருக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில், நோயாளிகளுக்கு ஜெபம் செய்கிற சாப்லின் வேலை கிடைத்தது. அமலுக்கு வீட்டிலிருந்து பார்க்கும் வேலை என்பதால் அதில் தடையில்லை.

சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த வாரத்தில் ஒரு மதியம் கிங்ஸ்லி போன் செய்தான். முன்பெல்லாம் பாஸ்டர் என்பான்.

“அக்கா, வீட்டுக்கு ஒரு தடவை வர முடியுமா? எனக்கு நற்கருணை வேணும்.”

ஒரு பெரிய அபார்ட்மெண்ட் வளாகத்தில் இரண்டாவது மாடியில் இருந்தான். அங்கே பாதிக்குப் பாதி தமிழ்க் குடும்பங்கள். சோபாவின் நுனியில் உட்கார்ந்து சொன்னான். அவன் ஊரிலும் இரண்டு பக்கம் உண்டு. கேட்டால் தாம்பரம் என்று சொல்லிவிடுவான். அவனுடைய மேனேஜர் சர்ச்சில் அவனுக்கு முன் பெஞ்சில் உட்காருகிறவர், கிரீன் கார்டு பேப்பர் அவர் கையில் இருக்கிறது. இப்போது எடிசன் கூட்டத்துக்கும் போகிறான், அங்கேயும் டெனர் பாடுகிறான்.

“நானும் திருச்சின்னுதான் சொல்லிட்டிருந்தேன்,” என்றாள் ஹெப்சிபா.

“அன்னிக்கு நான் எழுந்து வந்திருக்கணும். என் மேல கோவமா அக்கா?”

அவள் யோசித்தாள். இல்லை என்று சொல்வது சுலபம். “கொஞ்சம்,” என்றாள்.

அவன் தலையாட்டினான். அவள் டைனிங் டேபிளில் இருந்த லேப்டாப்பை நகர்த்திவிட்டுத் துணியை விரித்தாள். அவன் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்று கீழே பார்த்தான். பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள், யாரோ ஒரு பெண் தன் மகனைத் தமிழில் அதட்டிக் கூப்பிட்டாள். அவன் திரையை இறக்கினான். அது பாதியில் ஒரு பக்கமாகச் சிக்கிக்கொண்டது. இரண்டு மூன்று தடவை இழுத்து, இடைவெளி எதுவும் தெரியாதபடி கையால் சரிசெய்தான். கதவின் தாழ்ப்பாளையும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான். அறை இருட்டாகிவிட்டது.

ஹெப்சிபா புத்தகத்தைத் திறந்தாள்.

“லைட்டப் போடுங்க கிங்ஸ்லி,” என்றாள். “எனக்கு எழுத்து தெரியல.”